இசைத்தட்டில் இல்லாத சரணம்

போன மாதம் ஒரு கல்யாண வரவேற்பில் பாட வந்திருந்த இரண்டு பெண்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். கையில் ஆளுக்கொரு போன். பாட்டின் இசை அதற்குள்ளேயே தயாராக இருக்கிறது, வரிகள் திரையில் ஓடுகின்றன, இவர்கள் வாயைத் திறந்தால் போதும். அந்தக் காலத்தில் இதெல்லாம் கிடையாதே, மெல்லிசைக் குழுவில் ஒரு புதுப் பாட்டை எப்படி அக்கா படிப்பீர்கள் என்று கேட்டார்கள். ரேடியோவில் கேட்டுத்தான் என்றேன். ஒரு தடவை கேட்டால் வந்துவிடுமா என்று சின்னவள் வாயைப் பிளந்தாள். வராது. வராததனால்தான் என் பாட்டு வாழ்க்கையின் பெரிய சமாச்சாரமே நடந்தது. பந்தியில் இடம் பிடிக்கும் அவசரத்தில் அவர்களிடம் பாதிதான் சொல்ல முடிந்தது. முழுதையும் இங்கே எழுதிவிடுகிறேன். எழுத உட்கார்ந்ததுமே, முட்டி வலியையும் மறந்து கால் தாளம் போடுகிறது.

நான் ரோஸ்லின். தூத்துக்குடி கடற்கரைத் தெருவில் ஒரு தோணித் தண்டலின் மகள். தண்டல் என்றால் தோணியை நடத்துகிறவர். எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் ஊரில் கப்பல் கரைக்கு வராது. ஆழம் பத்தாது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும் கப்பலுக்குத் தோணிகள் பாய் விரித்துப் போய்ச் சரக்கை ஏற்றி இறக்கும். முத்துக் குளித்த கதையெல்லாம் அதற்கு முன்பே முடிந்துவிட்டது. முத்து நகர் என்று பேர் சொல்லிக்கொண்டு உப்பையும் பஞ்சையும் சுமந்துகொண்டிருந்தோம். ஆனாலும் எங்கள் தெருவுக்கு ஒரு மிதப்பு உண்டு. எங்கள் தோணி போகாவிட்டால் எந்த ஊர்க் கப்பலும் இங்கே ஒரு மூட்டைகூட இறக்க முடியாது என்கிற மிதப்பு.

கோயில் பாடற்குழுவில் பாடிக்கொண்டிருந்த என்னைக் கஸ்பார் மாஸ்டர் தன் மெல்லிசைக் குழுவுக்குக் கேட்டார். ஆம்பிளைகளோடு மேடையில் நின்று சினிமாப் பாட்டா என்று அம்மா முகத்தைத் தூக்கிக்கொண்டாள். அப்பாதான், கோயிலில் பாடுகிற வாய் மேடையில் பாடினால் புழுத்தா போகும் என்று ஒரே போடாகப் போட்டு அனுப்பிவைத்தார். ஒரு வருஷம் பின்னால் நின்று கோரஸ் பாடினேன். அடுத்த வருஷம் மைக் முன்னால் வந்துவிட்டேன். பயிற்சி என்று சொல்ல அவ்வளவுதான்.

மாஸ்டர் பகலில் பழைய துறைமுகத்தில் மூட்டை எண்ணுவார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆர்மோனியம், சாயங்காலங்களில் எங்கள் குழு. வெள்ளை முழுக்கைச் சட்டை, கழுத்துவரை பொத்தான். அவர் ஒருநாளும் 'நன்றாக இருக்கிறது' என்று சொன்னதில்லை. சுருதி விலகினால் திட்டவும் மாட்டார். ஆர்மோனியத் துருத்தியை மூடிவிட்டு, "சாப்புட்டியாளா?" என்று ரொம்ப அக்கறையாகக் கேட்பார். அதைக் கேட்டதும் நமக்கு நாண்டுகொண்டு சாகலாம் போல இருக்கும். பாட்டு பிசகாமல் அமைந்துவிட்டால் கைக்குட்டையை எடுத்து ஆர்மோனியத்தின் மேல்பலகையைத் துடைப்பார். அந்தத் துடைப்புக்காக நாங்கள் உயிரை விட்டோம்.

இப்போது பாட்டைப் பிடிக்கிற முறைக்கு வருகிறேன். கொழும்பிலிருந்து வரும் தமிழ் ஒலிபரப்பு எங்கள் ஊரில் மெட்ராஸைவிடத் தெளிவாகக் கேட்கும். நடுவில் தண்ணீர் மட்டும்தானே. ஒரு புதுப் பாட்டு வந்துவிட்டது என்று தெரிந்தால் மாஸ்டர் வீட்டு ரேடியோ முன்னால் எல்லோரும் உட்காருவோம். மீன் சந்தையில் கூறு வைக்கிற மாதிரி பாட்டைக் கூறு போட்டுவிடுவார். பல்லவி எனக்கு. சரணத்தின் முதல் வரி தபேலா செபஸ்தியானுக்கு, இரண்டாம் வரி மாண்டலின்காரருக்கு. இடையிசை முழுக்கப் புல்லாங்குழல் முருகேசனுக்கு. அவரவர் பங்கை மட்டும்தான் காதில் வாங்க வேண்டும், அடுத்தவர் பங்கில் காதை வைத்தால் இரண்டும் போய்விடும். பாட்டு முடிந்த பிறகும் வாயைத் திறக்கக்கூடாது. ஒருவன் தப்பாக முணுமுணுத்தால் அது எல்லார் காதிலும் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் வேப்பெண்ணெய் போட்டாலும் போகாது என்பார். ஆளுக்கொரு தாளில் எழுதி அவரிடம் கொடுத்த பின்தான் பேச்சு. எல்லாவற்றையும் சேர்த்து வைத்து வாசித்துப் பார்த்தால், அடேயப்பா, ஒரு முழுப் பாட்டு அங்கே உட்கார்ந்திருக்கும். நாலு தடவை ஒலிபரப்பானால் எங்களுக்குப் போதும்.

ஒரே ஒரு பாட்டு மட்டும் சிக்கவில்லை. கரையில் நிற்கும் பெண் ஒருத்தி, போனவனுக்காகக் காத்திருந்து பாடும் பாட்டு. பேர் சொல்ல மாட்டேன். சொன்னால் எங்கள் ஊரில் இன்றைக்கும் சண்டை வரும். பல்லவியும் முதல் சரணமும் பிடித்துவிட்டோம். இரண்டாம் சரணம் தொடங்குகிற இடத்தில் ரேடியோவில் இசையைத் தணித்துவிட்டு, பாட்டை விரும்பிக் கேட்டவர்களின் பேரை வாசிக்க ஆரம்பித்துவிடுவார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து இன்னார், மட்டக்களப்பிலிருந்து இன்னார் என்று அந்த வரிசை முடியும்போது பாட்டும் முடிந்திருக்கும். படம் எங்கள் ஊர்த் தியேட்டருக்கு வந்தபோது ஓடிப்போய்ப் பார்த்தோம். படத்தில் ஒரு சரணம்தான். இசைத்தட்டு ஊருக்கு வரவில்லை. தெருமுனையில் குகை மாதிரி கட்டிய மாதா கெபியின் திருவிழாவோ வந்துவிட்டது.

எங்கள் தெரு ஆட்களுக்கு ஒரு சரணத்தோடு பாட்டை முடித்தால் பிடிக்காது. பாதி வழியில் பாயை இறக்கிய மாதிரி என்பார்கள். அதனால் இரண்டாம் சரணத்தை மாஸ்டரே எழுதினார். மூட்டைகளுக்கு நடுவே நின்று யோசித்தாராம். மெட்டுக்கு ஒரு மாத்திரை பிசகாது.

கச்சான் காத்து கூட்டிப் போனா கொண்டல் கொண்டு சேர்க்காதா
கப்பல் பக்கம் போன தோணி கரையைத் திரும்பிப் பார்க்காதா

கச்சான் மேற்கேயிருந்து அடிப்பது. தோணி அதைப் பிடித்துத்தான் கப்பலுக்குப் போகும். கொண்டல் கிழக்குக் காற்று, அதுதான் வீட்டுக்குக் கொண்டுவரும். எங்கள் தெருவில் பால்குடிப் பிள்ளைக்கும் இது தெரியும். திருவிழாவில் அந்த வரிகளைப் பாடியதும் கூட்டம் எழுந்தே விட்டது. தோணிக்காரர்கள் மறுபடி, மறுபடி என்று கேட்டு என் தொண்டையைப் பிய்த்து எடுத்துவிட்டார்கள். மாஸ்டர் ஆர்மோனியப் பலகையைத் தேய்ந்து போகிற அளவுக்குத் துடைத்தார்.

அதற்குப் பிறகு அந்தச் சரணம் எங்கள் கையில் இல்லை. கல்யாண வீட்டில் பாடினார்கள், வலை பின்னும்போது பாடினார்கள், புன்னைக்காயலிலும் பெரியதாழையிலும் எங்களைக் கேட்காமலே பாடினார்கள். படத்தில் உள்ள பாட்டு இதுதான் என்றே எல்லோருக்கும் நினைப்பு. நாங்களும் திருத்தவில்லை, எதற்குத் திருத்த வேண்டும்? ரொம்ப நாள் கழித்து மைக்செட் அண்ணாச்சி ஒருவர் அந்த இசைத்தட்டை வாங்கிவந்து ஒரு கல்யாணத்தில் போட்டார். இரண்டாம் சரணத்தில் வேறு ஏதோ நிலவு, மல்லிகை என்று வரவும் பந்தலே கொதித்துவிட்டது. கெட்டுப்போன தட்டை உங்கள் தலையில் கட்டிவிட்டான் அண்ணாச்சி, போய் மாற்றிக்கொண்டு வாரும் என்று ஆளாளுக்குப் புத்தி சொன்னார்கள். பாவம், அதன் பிறகு அவர் முதல் சரணம் முடிந்ததும் ஊசியைத் தூக்கிவிடுவார். மீதியைக் கூட்டமே பாடிக்கொள்ளும்.

எழுபதுகளின் நடுவில் புதுத் துறைமுகம் திறந்தது. ஊருக்குத் தெற்கே, ஆழமான இடத்தில். கப்பல் வந்து கரையை ஒட்டியே நின்றது, கிரேன் நேராகச் சரக்கைத் தூக்கியது. ஊரோடு சேர்ந்து வேடிக்கை பார்க்கப் போய், நானும் கையைத் தட்டிவிட்டுத்தான் வந்தேன். வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைக்கும்போதுதான் இனிமேல் நம் தோணிக்கு என்ன வேலை என்று உறைத்தது. கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் ஓடுகிற பெரிய தோணிகள் தப்பித்தன. கப்பலுக்கும் கரைக்கும் நடுவே ஓடியவை ஒவ்வொன்றாகக் கரையேறி முட்டுக் கொடுத்து நின்றன. அப்பாவின் தோணியும் அதில் ஒன்று. புதுத் துறைமுகத்தில் வேலை கிடைத்தவர்கள் கொஞ்சம் பேர். மற்றவர்கள் கொச்சிக்கும் பம்பாய்க்கும் போனார்கள். எங்கள் தெருவில் பூட்டு விற்றவன் பணக்காரன் ஆகியிருப்பான், அவ்வளவு வீடுகள் பூட்டிக் கிடந்தன. எங்கள் மாண்டலின்காரர் குடும்பத்தோடு போய்விட்டார். அந்த வருஷம் கெபித் திருவிழாவில் பூசை மட்டும்தான், கச்சேரி இல்லை.

கொச்சியில் இருந்த என் மாமா, இங்கே தோணி வேலை இருக்கிறது என்று அப்பாவை வரச் சொல்லி ஆள்மேல் ஆளாகச் சொல்லிவிட்டார். அப்பாவுக்கும் வேறு வழி தெரியவில்லை. அவர் போனால் நானும் போக வேண்டியதுதான். கல்யாணம் ஆகாத பெண்ணை, வருமானம் இல்லாத ஒரு பாட்டுக் குழுவை நம்பி யார் விட்டுவிட்டுப் போவார்? எனக்கோ கொச்சி என்ற பேரே பிடிக்கவில்லை. மலையாளம் வராது என்பதால் இல்லை. பாடாமல் இருக்க எனக்கு வராது.

அந்த நேரத்தில்தான் புதுத் துறைமுகத்து ஊழியர் மன்றத்திலிருந்து அழைப்பு வந்தது. விழாவுக்கு உள்ளூர்க் குழு ஒன்று வேண்டும், திருப்தியாக இருந்தால் அந்த வருஷம் முழுக்க வரும் எல்லா விழாக்களும் உங்களுக்கே என்றார்கள். எனக்குத் தரையில் கால் பாவவில்லை. இது அமைந்தால் குழு பிழைக்கும். குழு பிழைத்தால் நான் இங்கேயே இருக்கலாம்.

மன்றத்தில் கலை நிகழ்ச்சிகளைப் பார்த்துக்கொண்டவர் சீனிவாசன் சார், மெட்ராஸிலிருந்து மாற்றலாகி வந்த அதிகாரி. நல்ல மனுஷர், பாட்டுப் பைத்தியம். எங்களை உட்காரவைத்துக் காப்பி கொடுத்து ஒவ்வொரு பாட்டாகக் கேட்டார். தலையை ஆட்டி ஆட்டி ரசித்தார். அந்தப் பாட்டின் இரண்டாம் சரணம் வந்ததும் அவர் தலை நின்றுவிட்டது. பாடி முடிக்கும்வரை காத்திருந்து, இது பாட்டில் இல்லையே அம்மா என்றார். வீட்டுக்கு ஆளனுப்பித் தன் இசைத்தட்டை வரவழைத்துப் போட்டுக் காட்டினார். அவர் சொன்னது சரிதான். அந்த நிலவு, மல்லிகைச் சரணமும் அழகான சரணம்தான், பொய் சொல்லக்கூடாது. முன்வரிசையில் பெரிய அதிகாரிகள் குடும்பத்தோடு வருவார்கள், எல்லோர் வீட்டிலும் இந்தத் தட்டு இருக்கிறது, சரணத்தை மாற்றிப் பாடினால் என்னைத்தான் கேட்பார்கள், தட்டில் உள்ளபடி பாடிவிடுங்கள் என்று தன்மையாகத்தான் கேட்டுக்கொண்டார். மாஸ்டர் உடனே தலையாட்டிவிட்டார்.

வெளியே வந்ததும் நான் பொரிந்து தள்ளினேன்.

"என்ன மாஸ்டர் சரின்னுட்டிய? அது நம்ம சரணம்லா?"

"சரணம் நம்மளுதுதான். பாட்டு நம்மளுதா?" என்றார் அவர். "அவுக சொல்லுதது நியாயம் ரோஸு. ரிக்கார்டு மாதிரி பாடத்தான் கூப்பிடுதாவ."

அழுகையும் ஆத்திரமுமாக வீட்டுக்கு வந்து நிலவையும் மல்லிகையையும் மனப்பாடம் செய்தேன். அப்பாவிடம் அதைச் சொல்லவில்லை. அவரே நொந்துபோய் இருந்தார்.

விழா அன்று பொழுது சாய்கிற நேரத்துக்கு மேடை ஏறினோம். எதிரே பெரிய மைதானம். முன்னால் நாற்காலிகளில் துறைமுகத்து அதிகாரிகள், ஊழியர்கள், பட்டுப்புடவைகள். அதற்குப் பின்னால் ஒரு கயிறு. கயிற்றுக்குப் பின்னால் பார்த்தேன். எங்கள் தெரு முழுக்க அங்கே நின்றுகொண்டிருந்தது. திருவிழாக் கச்சேரிதான் இல்லையே, நம்ம பிள்ளைகள் பாடுகிற இடத்துக்கு நாமே போவோம் என்று சைக்கிளிலும் நடந்தும் வந்திருக்கிறார்கள். தோளில் துண்டோடு அப்பா கயிற்றை ஒட்டி நின்றார். எத்தனை வீடு பூட்டினாலும் மிச்சம் இவ்வளவு பேர் இருக்கிறோமே என்று எனக்கு ஒரே துள்ளல். முதல் நாலு பாட்டையும் வெளுத்து வாங்கினேன். நாற்காலிகளே தாளம் போட்டன.

பிறகு அந்தப் பாட்டு. பல்லவி எடுத்ததும் கயிற்றுக்குப் பின்னால் ஒரு சத்தம் எழுந்தது. முதல் சரணம். முருகேசன் இடையிசையைக் குழைந்து குழைந்து வாசித்தான். நான் இரண்டாம் சரணத்துக்கு வாயைத் திறந்த அதே நொடியில் பின்னால் இருந்த அத்தனை பேரும் வாயைத் திறந்தார்கள். நான் நிலவு என்றேன். அவர்கள் கச்சான் என்றார்கள். அரை வரிவரைக்கும் இரண்டும் முட்டிக்கொண்டன. அப்புறம் அவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். கோபித்துக்கொண்டு கத்தியிருந்தால்கூட எனக்குத் தேவலை. மைக்கில் நிற்கிறது நம்ம தண்டல் மகள், அவளுக்குக் குழப்பம் வரக்கூடாது என்று எல்லோரும் மரியாதையாக வாயை மூடிக்கொண்டார்கள். அப்பா தரையைப் பார்த்தார். மல்லிகை வரைக்கும் ஒரு எழுத்துக்கூடப் பிசகாமல் பாடி முடித்தேன். முன்வரிசை கைதட்டியது. சீனிவாசன் சார் நிம்மதியாகச் சிரித்தார்.

எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. பாடுகிறவர் வரி மறந்து முழித்தால் மாஸ்டர் குதிகாலால் மேடைப் பலகையில் இரண்டு தட்டுத் தட்டுவார். இடையிசையை மறுபடி வாசியுங்கள், அவளுக்கு மூச்சுவிட நேரம் கொடுங்கள் என்று அர்த்தம். நான் எதையும் மறக்கவில்லை. பாட்டே முடிந்துவிட்டது. ஆனால் பலகையில் இரண்டு தட்டு விழுந்தது.

செபஸ்தியான் என்னைப் பார்த்தான், நான் மாஸ்டரைப் பார்த்தேன். மாஸ்டர் யாரையும் பார்க்கவில்லை, கட்டைகளைப் பார்த்து வாசித்துக்கொண்டிருந்தார். முருகேசன் குழலை எடுத்துவிட்டான். இடையிசை ஓடுகிறது. அது முடிவதற்குள் நான் ஒரு முடிவுக்கு வர வேண்டும். பாடினால் வருஷத்து விழாக்கள் போகும், நான் கொச்சிக்குப் போக வேண்டியதுதான். பாடாவிட்டால் இங்கே இருக்கலாம். ஆனால் கயிற்றுக்குப் பின்னால் நிற்கிற இவர்களுக்கு முன்னால் இனி எந்தப் பாட்டைத்தான் பாடுவேன்? குழல் வந்து நின்ற இடத்தில் நான் எடுத்தேன்.

'கச்சான் காத்து கூட்டிப் போனா' என்றதுதான் தெரியும். அடுத்த அடிக்கு மைக்கே வேண்டியிருக்கவில்லை. மைதானத்தின் பின்பாதி முழுக்கப் பாடியது. கையை உயர்த்திக்கொண்டு, துண்டைச் சுழற்றிக்கொண்டு, பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் குலுக்கிக்கொண்டு பாடினார்கள். கப்பல் பக்கம் போக வேலையில்லாத தோணிக்காரர்கள், தோணி கரையைத் திரும்பிப் பார்க்காதா என்று பாடினார்கள். நாற்காலிக்காரர்கள் மேடையை விட்டுவிட்டு அப்படியே திரும்பி உட்கார்ந்து அவர்களைப் பார்த்தார்கள். மாஸ்டர் இரண்டாவது முறையும் குதிகாலைத் தட்டினார், மூன்றாவது முறையும் தட்டினார். எனக்குக் கண்ணீரும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. சந்தோஷத்தில் சுருதி எங்கே போனது என்று கடவுளுக்குத்தான் தெரியும். அன்றைக்கு யாரும் என்னைச் சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை.

நிகழ்ச்சி முடிந்து மேடைக்குப் பின்னால் ஆர்மோனியத்தைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தோம். அப்பாவும் வந்து ஒரு கை கொடுத்துக்கொண்டிருந்தார். சீனிவாசன் சார் வந்தார். முகம் சிவந்திருந்தது. மாஸ்டர் கைகட்டி நின்றார். அந்தச் சரணம் பாட்டில் இல்லை என்று அத்தனை தடவை சொன்னேனே என்றார் சார்.

மாஸ்டர் வாயைத் திறக்குமுன் அப்பா நிமிர்ந்தார்.

"பாட்டுல இல்லதான் சார்," என்றார். "ஊருல இருக்கு."

சார் அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவர் மெதுவாக, கொண்டல் என்றால் என்ன என்று கேட்டார். அப்பா அவரை மைதானத்தின் ஓரத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கிழக்கே கையை நீட்டிச் சொல்ல ஆரம்பித்தார். சொன்னார், சொன்னார், அப்படிச் சொன்னார். வேலை போன நாளிலிருந்து அப்பா அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. திரும்பி வந்த சார், பொங்கல் விழாவுக்கு இரண்டு சரணத்தையும் பாடிவிடுங்கள், எது முதலில் என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள் என்று மாஸ்டரிடம் சொல்லிவிட்டுப் போனார். எல்லா விழாக்களும் எங்களுக்கே என்பது அதிலேயே அடங்கிவிட்டது. செபஸ்தியான் தபேலாவைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினான்.

வீட்டுக்கு நடந்து வரும்போது, அப்படியென்றால் நாம் கொச்சிக்குப் போக வேண்டாம்தானே என்று அப்பாவிடம் கேட்டேன்.

"நான் போவணும் ளா. தோணிய விட்டா எனக்கு வேற தெரியாது," என்றார். துண்டைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டார். "நீ சித்தி வீட்டுல இரு. நாங்க திரும்பி வாரப்ப ஊருல பாடுதவ ஒருத்தி இருக்கணும்லா."

அம்மாவிடம் அவர் எப்படிச் சம்மதம் வாங்கினார் என்பது தனிச் சண்டை. அப்பா அம்மாவோடு கொச்சிக்குப் போனார், ஒவ்வொரு கெபித் திருவிழாவுக்கும் வந்தார், கயிறு கட்டாத எங்கள் தெருவில் முன்னால் உட்கார்ந்து பாடினார். நான் அதற்குப் பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் பாடினேன். ஆனால் அன்றைக்கு அந்த ரோட்டில் அப்பா அந்த வார்த்தையைச் சொன்னபோது வந்த சந்தோஷம் எனக்குக் கல்யாணத்தன்றுகூட வரவில்லை. இதை என் வீட்டுக்காரர் படித்தால் படித்துக்கொள்ளட்டும்.